ஜாவாவில் என் மாப்பிள்ளைக்கு என்ன வேலை?

ராயப்பேட்டை,
ஏப்ரல் 1946

அன்புள்ள மச்சான் பீர் முஹம்மதுவுக்கு மெஹபூப் அலியின் ஸலாம். ஆம்பூரில் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே எல்லாருக்கும் உடம்பு சுகம். எனக்கு மட்டும் வயிறு எரிகிறது.

ஜப்பான்காரன் போன வருஷமே தோற்றுப்போனான். பட்டாளத்துப் பிள்ளைகள் வீடு திரும்ப வேண்டாமா? நம்ம மகள் குல்சும் புருஷன் குலாம் முகம்மதை, லாரி ஓட்டப் போனவனை, அப்படியே ஜாவாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். அந்த நாட்டு ஜனங்கள் எங்களை நாங்களே ஆள்வோம் என்கிறார்கள். இங்கிலீஷ்காரனோ பழையபடி டச்சுக்காரனை உட்கார வைக்கப் பார்க்கிறான். இவர்களுக்கு நடுவில் குண்டடி பட ராயப்பேட்டை மாப்பிள்ளைதான் கிடைத்தானா?

இதை மயிலாப்பூர் வாசகசாலைக் கூட்டத்தில் கேட்டேன். பென்ஷன்காரர் ராஜகோபாலன் எழுந்து, "ஓய், ஜப்பான்காரன் அடைச்சுவச்ச டச்சுக்காரப் பொம்மனாட்டிகளும் கொழந்தைகளும் இன்னும் முகாம்லயே கெடக்கறா. யாராவது போய்க் காப்பாத்த வேண்டாமோ?" என்றார்.

"யாவாரம் பண்ண வந்தவனே இருநூறு வருஷமா போவல. காப்பாத்த வந்தவன் போவானா?" என்றேன். ஒரே கைதட்டல். அந்த ஆவேசத்தில் பெஞ்சுமேல் ஏறினேன். அது முறிந்து நான் அவர்மேலேயே விழ, அவர் மூக்குக்கண்ணாடி நொறுங்கிவிட்டது.

நான் கண்ணாடிக் கடைக்காரன் ஆயிற்றே, விடுவாரா? புது வில்லை பம்பாயிலிருந்து வரும்வரை, உடைத்தவன்தான் தனக்குப் பேப்பர் படித்துக் காட்ட வேண்டும் என்று தினம் கடையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். ஜாவாச் செய்தியை நானே படித்து, அதற்கு அவர் சொல்லும் நியாயத்தையும் நானே கேட்க வேண்டியிருக்கிறது. கடைக்கு வருகிறவர்களும் தர்க்கத்தில் கலந்துகொண்டு கண்ணாடி வாங்க மறந்து போய்விடுகிறார்கள். நேற்று 'முகாம்' என்று வந்த வரியை விட்டுவிட்டுப் படித்தேன். மனுஷன் கண்டுபிடிச்சிட்டாரு மச்சான்!

சத்தம் கேட்டுப் பின்கட்டிலிருந்து குல்சும் வந்தாள். "ரெண்டு பேரும் ஜெயிச்சது போதும். அவரு உசுரோட கீறாரா இல்லியான்னு அதுல எங்க போட்டுகீது?" என்றாள். நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

ஆகவே நீங்கள் ஊரைக் கூட்டி, பட்டாளத்தை உடனே திரும்ப அழைக்கச் சொல்லி டெல்லிக்குத் தந்தி அடியுங்கள். அந்தக் கிழவரோடு எனக்கு இனிப் பேச்சே இல்லை. அல்லாஹ் உங்கள் வீட்டைச் சண்டை சச்சரவில்லாமல் காக்கட்டும்.

மெஹபூப் அலி

பி.கு.: கவரை ஒட்டும்போது குலாம் வாசலில் வந்து நிற்கிறான்! எலும்பும் தோலுமாக இருக்கிறான். குல்சும் அழுதுக்கினே சிரிக்கிறா.

"முதல்லயே முடியாதுன்னுட்டு வர்றதுக்கு இன்னாடா?" என்றேன்.

"முகாம்ல கெடந்த புள்ளைங்கள நான்தான் மாமா லாரில ஏத்தி கப்பலாண்ட கொண்டாந்தேன். நடக்கக்கூட தெம்பில்ல. எப்டி உட்டுட்டு வர்றது?"

வழக்கம்போல் கடையில் உட்கார்ந்திருந்த ராஜகோபாலன் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அதே கப்பல்லேர்ந்துதான் சாமி, டச்சுப் பட்டாளம் பீரங்கியோட எறங்கிச்சு" என்றான் குலாம்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. தந்தி அடிச்சிடாதீங்க மச்சான். அதுல இன்னா எழுதறதுன்னு நானும் அவரும் இன்னும் பேசிக்கினு கீறோம்.