உத்திர வீதியில் என் அதிகபட்சம்

அரைகுறையாகத் தெரிந்தவனைக்கூட நம்பலாம். நேற்றுதான் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவனை நம்பவே கூடாது. இதை நான் சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். அந்த இரண்டாவது ஆள் நான்தான்.

கல்யாணமான புதிதில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கினேன். அதுவரை எங்கள் வீட்டில் என் இதயத்தைப் பற்றிய பேச்சு, அது இருக்கிறதா இல்லையா என்ற அளவோடு நின்றுவிடும். (பேசுவது என் மனைவி கவிதா.) வாட்ச் வந்ததும் அதற்கு ஐந்து மண்டலங்கள் முளைத்தன. முதல் மண்டலத்தில் சும்மா உலாத்தலாம். இரண்டாவதில் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓடலாம். ஐந்தாவதில் ஒரு சொல் வெளியே வந்தாலே பெரிய விஷயம்.

மண்டலம் பிரிக்க, நம் இதயத்தின் அதிகபட்சத் துடிப்பு தெரிய வேண்டும். இருநூற்று இருபதில் வயதைக் கழி என்பது ஊருக்கெல்லாம் பொதுக் கணக்கு. நான் என்ன ஊரா? எனக்கென்று தனி எண் வேண்டாமா? அதற்கும் வீடியோவில் வழி இருந்தது: உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, மூன்று முறை உயிரைக் கொடுத்து ஓடி, வருகிற உச்சத்தைப் பிடிக்க வேண்டும்.

வீடியோ பார்த்த மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நாங்கள் ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதாக இருந்தது. கவிதா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு அங்கிருந்து நடந்தே போகலாம். அதற்கு முன் பார்த்த வீடுகளில் ஒன்றில் தண்ணீர் இல்லை; இன்னொன்றில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. இந்த வீட்டுக்கார மாமா மட்டும் என்னைப் பார்த்து, “பிள்ளையாண்டான் அடக்கமா இருக்கார்” என்று சொல்லியிருந்தார்.

வீடு பார்க்கப் போனபோதே கோயிலைச் சுற்றிப் போகும் அந்த உத்திர வீதி எனக்கு ஓடுதளமாகத்தான் தெரிந்தது. சமதளம், நான்கு மூலை, விடிகாலையில் வண்டித் தொல்லை கிடையாது. அன்று, அப்போது நாங்கள் குடியிருந்த உறையூரிலிருந்து நான் மட்டும் முன்னதாகவே கிளம்பிப் போய் ஓட ஆரம்பித்தேன். பள்ளி மைதானத்தில் பழகிய கால், தானாக இடது பக்கமே திரும்பியது. எதிரே ஊரே கோயிலை வலப்பக்கம் வைத்து நடந்து வந்துகொண்டிருந்தது. ‘என்ன இது, இத்தனை பேரும் தப்பான திசையில் வருகிறார்களே’ என்று நினைத்துக்கொண்டேன். (நிஜமாகவே நினைத்தேன்.)

மூன்றாவது ஓட்டத்தின் முடிவில் வாட்ச் நூற்று எண்பத்தெட்டு காட்டியது. எதிரே ஒருவர் இரண்டு கையையும் விரித்து வழிமறித்தார். வீட்டுக்கார மாமா!

“ஓய், நில்லும்! நம்மாத்துக்குக் குடிவரதா இருந்தது நீர்தானே?”

“ஆ…”

“கோயிலை அப்பிரதட்சிணமா சுத்தறீரே! இதெல்லாம் சுடுகாட்டுல பண்றது ஓய்! ஆத்துல ஏதாவது துக்கமா?”

“இல்…”

“பின்னே எதுக்கு?”

“அதிக… பட்சம்…”

‘குடிவரதா இருந்தது’ என்று அவர் இறந்த காலத்தில் சொன்னது அப்போதுதான் உறைத்தது. வாட்சைப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்று மூன்று! உச்சம் ஓட்டத்தில் வரவில்லை. வீடு போகிறதே என்ற பயத்தில் வந்தது.

ஒன்பது மணிக்குக் கவிதா பட்டுப்புடவையும் பழத்தட்டுமாக வந்து இறங்கினாள். மாமா வாசலிலேயே குற்றப்பத்திரிகை வாசித்தார்.

“எப்பேர்ப்பட்ட தெரு! இவர் பாட்டுக்கு மூணு தடவை இடமா ஓடறார்மா!”

கவிதா என்னைப் பார்த்தாள். அவள் எந்த மண்டலத்தில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வாட்ச் தேவைப்படவில்லை. ஆனால் மாமாவிடம் தேனாகப் பேசினாள்.

“தப்புதாங்க மாமா. சுத்தினதை எல்லாம் அவரே சரியான பக்கமா திருப்பிச் சுத்திடுவார். நீங்க கூடவே இருந்து பார்த்துக்குங்க.”

“எத்தனை நாளைக்கு?”

“நாங்க குடியிருக்கிற வரைக்கும்.”

வீடு கிடைத்தது. நானும் மாட்டினேன். தினமும் காலையில் மாமாவோடு வலம் வருகிறேன். அவர் வாசலுக்கு வாசல் நின்று குசலம் விசாரிப்பதால், ‘நீண்ட நேரம் அசையாமல் இருக்கிறீர்கள், எழுந்து நடங்கள்’ என்று வாட்ச் நடுத்தெருவில் என்னை எச்சரிக்கிறது. ஐந்தாம் மண்டலத்தை அதன்பிறகு நான் கண்ணால் பார்க்கவில்லை.

போன வாரம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த பையன் கையிலும் ஒரு வாட்ச். மாமா என் தோளில் கைபோட்டு, பெருமையாக அவனிடம் சொன்னார்:

“இவருக்கு நூத்தித் தொண்ணூத்தி மூணு. மூணு தடவை தலைதெறிக்க ஓடியும் அவருக்கு வரலை. நான் நாலு வார்த்தை கேட்டேன், வந்துடுத்து. உமக்கும் பார்க்கணும்னா சொல்லும்.”