குதிகால் துணைக்குழு

எங்கள் ஊராட்சியில் பணியாளர் ஒருவருக்கு ஒரு பொருள் தேவைப்பட்டால் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டுக்கு வீடு போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலி சிக்னி அப்படித்தான் அக்டோபரில் விண்ணப்பித்தார். மொத்தம் மூன்று வரி.

“பனிச்சறுக்குக் கட்டை முறிந்துவிட்டது. ஒரு ஜோடி வேண்டும். ஆஸ்லாக்கின் கால்.”

மூன்றாவது வரி முழு வாக்கியம் அல்ல என்று நான் சிவப்பு மையில் குறித்தேன். நான் ஊராட்சிக் குழுக்களின் செயலாளர். இருபத்திரண்டு வருடமாக மற்றவர்களின் வாக்கியங்களை முழுமையாக்கி வருகிறேன். அந்த வரியின் பொருள் எனக்குத் தெரியாமல் இல்லை. மேல்பண்ணையில் பதினான்கு ஆடுகளோடு தனியாக இருக்கும் ஆஸ்லாக்குக்குக் காலில் சர்க்கரைப் புண். ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வேண்டும். பனி விழுந்துவிட்டால் பாதையில் பனி தள்ளும் வண்டி கீழ்ப் பாலத்தோடு திரும்பிவிடும். மீதி நான்கு கிலோமீட்டர் ஏற்றம். சிக்னி போக முடியாவிட்டால் ஆஸ்லாக்கைக் கீழே முதியோர் இல்லத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதைவிடக் காலையே வெட்டிக்கொள்ளலாம் என்று அவர் மருத்துவரிடம் சொல்லியிருந்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வேறு மாவட்டமாக இருந்தால் கடைக்குப் போய் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருப்பார்கள். நாங்கள் தெலெமார்க் மாவட்டத்துக்காரர்கள். பனிச்சறுக்குக் கட்டையில் குதிகாலைப் பூட்டாமல் தூக்கி, ஒரு முட்டியை மடித்து, வளைந்து இறங்கும் வித்தையை உலகத்துக்குக் கொடுத்தவர்கள். எங்களால் ஒரு கட்டையைச் சும்மா வாங்கிவிட முடியுமா? குழு அமைக்கப்பட்டது. தலைவி ரெய்டுன், சுகாதாரத் துறை. ஆலோசகர் பிராகே, திட்டத் துறை; அந்தக் குளிர்காலத்தில் எல்லோரும் போட்ட கடுகு நிற மேல்சட்டையை எல்லோருக்கும் முன்பே போட்டவர். மூன்றாவது நான்.

முதல் கூட்டம் வாஃபிளோடும் காப்பியோடும் தொடங்கியது. எனக்குப் பின்னால் சுவரில், அந்தக் காலத்துத் தபால்காரர் ஒருவரின் மரக் கட்டைகள் பித்தளைப் பலகையோடு தொங்கிக்கொண்டிருந்தன. ஊராட்சியின் பெருமை என்பதால் யாரும் அவற்றைப் பார்ப்பதில்லை.

“அடிப்படையிலிருந்து ஆரம்பிப்போம்,” என்றார் ரெய்டுன். “குதிகாலை விடுறதா, பூட்டுறதா?”

“விடுறதுதான்,” என்றார் பிராகே. “இப்போ பழைய பாணிதான் திரும்ப வந்திருக்கு. ஓஸ்லோக்காரங்களே முட்டி மடிக்கிறாங்க. நாம பூட்டிக்கிட்டு நின்னா சிரிக்க மாட்டாங்களா?”

“பணியிடப் பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கு பிராகே. குதிகால் ஆடினா மருந்துப் பையும் ஆடும்.”

“சரி, பூட்டுங்க. ஒரு பெண் பணியாளரோட குதிகாலை ஊராட்சியே பூட்டிருச்சுன்னு நாளைக்குச் செய்தி வரட்டும்.”

வாஃபிள் ஆறியது. இவ்வளவு ஆழமான கேள்வியை இந்தக் குழுவால் தாங்க முடியாது என்று உணர்ந்து, குதிகால் துணைக்குழு ஒன்றை அமைத்தோம். அதில் இருந்ததும் நாங்கள் மூவர்தான்.

இரண்டாவது கூட்டம் நவம்பரில். அதற்கு முந்தைய நாள் பனி கொட்டியிருந்தது. பயனாளரின் கருத்தைக் கேட்பது விதி என்பதால் சிக்னியை அழைத்திருந்தோம்.

“ஏறுறதுக்கு எப்படிப்பட்ட கட்டை எதிர்பார்க்கிறீங்க?” என்று கேட்டார் பிராகே.

“ஏறணும்.”

“இறங்குறதுக்கு?”

“இறங்கணும்.”

“அகலம் முக்கியம் சிக்னி. உங்க கட்டை புதுப்பனியில மிதக்கணுமா, கெட்டிப்பனியைக் கடிக்கணுமா?”

“நான் புண்ணுக்குக் கட்டுப் போடப் போறேன் பிராகே. மிதக்கவும் மாட்டேன், யாரையும் கடிக்கவும் மாட்டேன். நாளைக்குக் கட்டு மாத்துற நாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

ரெய்டுன் புரிந்துகொண்டது போலத் தலையசைத்தார். “எங்க சிக்கலையும் நீங்க பாக்கணும். ஏறும்போது இலேசா இருந்தா நல்லது. இறங்கும்போது கனமா இருந்தா நல்லது.”

“அப்போ ரெண்டு ஜோடி வாங்கிடலாம்,” என்றார் பிராகே.

“ஏறும்போது இறங்குற ஜோடி எங்க இருக்கும்?” என்று கேட்டார் சிக்னி.

“முதுகுல.”

“அப்போ ஏறும்போது கனமா இருக்காதா?”

“அதனாலதானே ஏறுற ஜோடி ரொம்ப ரொம்ப இலேசா இருக்கணும்னு சொல்றேன்.”

நான் அதை அப்படியே குறிப்பில் எழுதினேன். எழுதியபோது சரியாகத்தான் பட்டது. ஒரு விஷயம் குறிப்பேட்டில் ஏறியதும் அறிவுள்ளதாகத் தெரிய ஆரம்பிப்பது ஏன் என்று நான் பல வருடங்களாக யோசித்திருக்கிறேன். யோசித்ததோடு சரி.

சிக்னி எழுந்தார். காலணியைக் கழற்றிவிட்டு என் பக்கத்து நாற்காலியில் ஏறினார். சுவரிலிருந்து தபால்காரரின் கட்டைகளைக் கழற்றினார். கீழே இறங்கி ஒன்றைத் தன் பக்கத்தில் நிறுத்தி, கையைத் தலைக்கு மேல் தூக்கினார். நுனி மணிக்கட்டைத் தொட்டது. இங்கே நடக்கத் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த அளவு அது.

“சரியா இருக்கு,” என்றார். கட்டைகளைத் தோளில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

“இது நிகழ்ச்சி நிரல்லயே இல்லையே,” என்றார் ரெய்டுன்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் சிக்னி ஒருநாள் விட்டு ஒருநாள் மேல்பண்ணைக்குப் போய்வந்தார். குழுவும் சும்மா இருக்கவில்லை. காகிதத்தில் கட்டையைத் தேர்ந்தெடுக்க முடியாது, களத்தில் சோதிக்க வேண்டும் என்று முடிவாகி, ஜனவரியில் மூன்று நாள் மலை விடுதியில் தங்கிச் சோதித்தோம். பிப்ரவரியில் கொள்முதல். ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று, முடிவு செய்ய இயலாத சூழ்நிலைகளுக்கு ஒன்று என மூன்று ஜோடி. அளவெடுக்கப் பயனாளர் நேரில் கையைத் தூக்க வேண்டும். அன்று கட்டு மாற்றும் நாள். சிக்னி மலையில் இருந்தார். ஆகவே அவர் சார்பில் நாங்கள் ஆளுக்கொரு கையைத் தூக்கினோம். மூன்று ஜோடியும் எங்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தின. அதைத் தற்செயல் என்றே பதிவு செய்தேன். ஒப்படைக்கும் முன் ஈஸ்டர் வரை ஓட்டிப் பார்ப்பது என்றும் தீர்மானித்தோம்.

மார்ச் கடைசியில் ஆஸ்லாக்கின் புண் ஆறியது. அதே வாரம் சிக்னிக்கு ஒரு கடிதம் போயிற்று. “உரிய கட்டைகள் முறைப்படி கொள்முதல் செய்யப்பட்டுவிட்டதால், பாரம்பரியப் பொருளைப் பதினான்கு நாட்களுக்குள் சுவருக்குத் திருப்பி அளிக்குமாறு பணிக்கப்படுகிறீர்கள்.” எழுதியவன் நான். எழுதும்போது மனம் ஒரு கணம் தயங்கியது உண்மை. ஆனால் வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டது.

கட்டைகள் திரும்பி வந்தன. ஆஸ்லாக் அடியில் புதுத் தார் பூசி அனுப்பியிருந்தார். கூட்ட அறை இரண்டு நாள் மணத்தது.

ஈஸ்டருக்கு முந்தைய வியாழன், பையில் ஆரஞ்சுப் பழமும் பழுப்புச் சீஸ் வைத்த ரொட்டியுமாக, மூன்றாவது ஜோடியைச் சோதிக்கக் கிளம்பினேன். அதில் குதிகாலை விடவும் செய்யலாம், பூட்டவும் செய்யலாம். மேல்பண்ணைக்கு மேலே சரிவின் விளிம்பில், விடுவதா பூட்டுவதா என்று யோசித்தபடி நின்றேன். சரிவு எனக்காகக் காத்திருக்கவில்லை. விழுந்த வேகத்தில் கட்டையின் இரும்பு விளிம்பு கணுக்காலைக் கிழித்தது. குதிகால் பந்துபோல் வீங்கியது.

வைக்கோல் ஏற்றும் சறுக்கு வண்டியில் என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனவர் ஆஸ்லாக். சிக்னிக்குத் தொலைபேசினேன்.

“எலும்பு முறிஞ்சிருக்கா? விரல் எல்லாம் அசையுதா?”

“அசையுது. முறிவு இல்ல. ரத்தந்தான். நீங்க வந்து கட்டுப் போடணும் சிக்னி.”

“வரணும்னுதான் ஆசை ஹல்வார். எதுல வர்றது?”

“நம்ம கட்டை...”

“சுவர்ல இருக்கிறதா? அதுக்கு உங்க கடிதம் இருக்கு. அலுவலகம் ஈஸ்டர் விடுமுறைக்குப் பூட்டியிருக்கு, செவ்வாய்க்கிழமைதான் திறப்பாங்க. வாங்கின மூணுல ஒண்ணு உங்க கால்ல இருக்கு. பிராகேயும் ரெய்டுனும் மிச்சத்தை எந்த மலையில சோதிக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாது. விண்ணப்பம் ஒண்ணு எழுதுங்களேன்? வாக்கியம் மட்டும் முழுசா இருக்கட்டும்.”

பிறகு அவர் குரல் இளகியது. “போனை ஆஸ்லாக் கிட்ட குடுங்க. அவர் எழுபது தடவை பாத்திருக்கார், அவருக்குத் தெரியும்.”

ஆஸ்லாக் போனைக் காதில் இடுக்கிக்கொண்டு, கையைக் கழுவி, மிச்சமிருந்த மருந்துத் துணியை எடுத்துவந்தார். என் காலைத் தன் மடியில் வைத்துக் காயத்தைத் துடைத்தார். கணுக்காலைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றினார். பிறகு கை நின்றது.

“ஏம்ப்பா ஹல்வார், குதிகாலை வெளிய விடட்டுமா, சேத்துக் கட்டட்டுமா? இவ உன்னையே கேக்கச் சொல்றா.”

போனுக்குள் சிக்னி சிரிப்பது கேட்டது. துணி ஆஸ்லாக்கின் கையில் காத்திருந்தது. துணைக்குழுவின் அறிக்கை இன்னும் வரவில்லை.