மீன்பிடிப் பூனை மறுவருகை

பூமியில் ஜீவகாருண்யம் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்றால், அதற்குக் காரணம் திருவனந்தபுரத்து 'மீன்பிடிப் பூனை மறுவருகைத் திட்ட'க் குழுதான். தற்பெருமை இல்லை, நானும் அதில் உறுப்பினன். என் தகுதி, எழுபத்தெட்டு வயதிலும் டீயும் பழம்பொரியும் வரும் நேரத்துக்குச் சரியாகக் கூட்டத்துக்கு வந்துவிடுவேன்.

கிழக்கேகோட்டையிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் ஒரு சதுப்பு. அங்கே வாழ்ந்து 'முற்றிலும் அழிந்துபோன' மீன்பிடிப் பூனையை வேறெங்கிருந்தாவது கொண்டுவந்து மறுபடி குடியேற்றுவது எங்கள் லட்சியம். பதினோரு கூட்டங்களில் திட்டத்தின் சின்னம், மந்திரி நிற்கும் மேடை, கார் நிறுத்துமிடம் எல்லாம் முடிவாகிவிட்டன. பூனை மட்டும் பாக்கி.

பன்னிரண்டாம் கூட்டத்தில், சதுப்போரம் மீன் விற்கும் தங்கபாய் கூடையோடு உள்ளே வந்து செல்போனை நீட்டினார்.

"சாரே, மேடை கட்ட நாளைக்கு ஜேசிபி வருதாமே? அத நிறுத்தணும். கோரைக்குள்ள பூனை குட்டி போட்டுக் கிடக்கு."

எங்கள் ஆய்வாளர் திவ்யலட்சுமி, ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துப் பெண், படத்தைப் பார்த்துத் துள்ளினாள். "மீன்பிடிப் பூனையேதான் சார்! குட்டி ரெண்டு, பாருங்கோ!"

இழவுச் செய்தி வந்த வீடுபோல் கூட்டம் அடங்கியது.

தலைவர் ஸ்ரீகுமார் கண்ணாடியைக் கழற்றினார். "இது எப்ப வந்தது?"

"போனாத்தானே வர? எனக்க கல்யாணத்துக்கு முன்னயே இந்தச் சாதி இங்கதான் கிடக்கு. தெனமும் எனக்க கூடையில ஒரு சாளை மீன எடுத்துட்டுப் போவும்."

"சேச்சி, போகாத பூனைய எப்படித் திரும்பக் கொண்டுவரும்? ரூல்படி அந்த எடத்துல ஒரு பூனைகூட இருக்கக் கூடாது, கேட்டோ," என்றார் ஸ்ரீகுமார்.

"அப்போ 'பாதுகாப்பு'ன்னு பேரை மாத்திடலாமே சார்," என்றாள் திவ்யலட்சுமி.

"பாதுகாப்புக்கு மந்திரி வருமோ? செண்டை மேளம் வருமோ?" என்றார் தலைவர்.

"மாமா, நீங்களாவது சொல்லுங்கோ!"

சொன்னேன். "தாயையும் குட்டியையும் பிடிச்சுப் பத்து நாள் பொன்முடி மலைப் பக்கம் வச்சிருக்கலாம். இங்கே பூனை இல்லைன்னு சர்டிபிகேட் எழுதிக்கலாம். அப்பறம் ஏசி வண்டியில அழைச்சுண்டு வரலாம்."

பலத்த கைதட்டல். அன்றிலிருந்து திவ்யலட்சுமி என்னை மாமா என்று கூப்பிடுவதில்லை.

கூண்டுக்குள் வைக்கத் தங்கபாயின் கூடையிலிருந்தே சாளை எடுத்தோம். வேறு யார் மீனையும் பூனை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"கோரைய மட்டும் தொடாதீங்க சாரே. அது திரும்பி வந்து கிடக்கணும்லா," என்றார் அவர்.

நாங்கள் தொடவில்லை. ஜேசிபிதான் தொட்டது.

பதினோராம் நாள் விழா. செண்டை முழங்கியது. கோரை இருந்த இடத்தில் சிமென்ட் கல் பாவிய மைதானம்; நடுவில் நீரூற்று; அதன்மேல் ஆள் உயரப் பூனைச் சிலை. மந்திரி கயிற்றை இழுக்க, கூண்டு திறந்தது. தாய்ப் பூனை வெளியே வந்தது. சிமென்ட் கல்லை முகர்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. நேராகக் கூண்டுக்குள்ளேயே திரும்பிப் போய், குட்டிகளை மறைத்து, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது.

"கூச்சம்," என்று மைக்கில் விளக்கினார் ஸ்ரீகுமார்.

"கூச்சம் ஒண்ணும் இல்ல சாரே," கூட்டத்திலிருந்து தங்கபாயின் குரல். "அதுக்க வீட்டத் தேடிச்சு, காணல. பூனையத் திருப்பித் தந்தாச்சு. சதுப்ப எப்பத் தருவிய?"

கேள்வி 'பரிசீலனைக்கு' ஏற்கப்பட்டது. ஆனாலும் எங்கள் திட்டத்தைக் குறை சொல்ல யாராலும் முடியாது. எங்களிடமிருந்து ஒளிந்துகொள்ள அந்தப் பூனைக்கு இந்த ஊரில் ஒரே ஓர் இடம்தான் மிஞ்சியிருக்கிறது. அந்தக் கூண்டையும் செய்து கொடுத்தது நாங்கள்தான்.