தஸ்னீமும் என் தோட்டத்து ஈயமும்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஹுஸாமுக்கு,

அலெக்சாந்திரியாவிலிருந்து மாமனார் ஃபிக்ரி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் மாமியாரும் நலம், அல்ஹம்துலில்லாஹ். எங்கள் மண்தான் நலமில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

போனில் உங்களோடு சண்டை போட முடிவதில்லை. அவ்வளவு பணிவாகப் பேசி என் கோபத்தைக் கெடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். தோட்டத்து மண்ணை டப்பாவில் அள்ளிக் கெய்ரோவுக்குக் கொண்டுபோய்ச் சோதித்தீர்கள், ஈயம் ஏகத்துக்கு இருக்கிறது, மண்ணை அள்ளித் தின்கிற வயதில் தஸ்னீமை அங்கே விடமாட்டேன் என்றீர்கள். பேத்தி இல்லாமல் ஒரு பெருநாளா? இது எவன் வேலை என்று கண்டுபிடிக்கக் கிளம்பினேன். எதிரே பேட்டரி கடை வைத்திருக்கும் பயூமியைத் தவிர வேறு யார்? நேரே போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"யோவ், என் மண்ணுல ஈயத்தைக் கொட்டினது நீதானே?"

அவன் கையிலிருந்த டீயைக்கூடக் கீழே வைக்கவில்லை. "ஹாஜி, வாரா வாரம் பழைய பேட்டரி ஈயத் தகட்டை இனாமா வாங்கிட்டுப் போறது யாரு?"

நான்தான். தூண்டிலுக்குக் குண்டு வார்க்க.

"எங்க வச்சு உருக்குறீங்க?"

அத்தி மரத்தடியில், பழைய வாணலியில்.

"சிந்துறது எங்க போகுது?"

இவன் என்ன போலீசா, மாப்பிள்ளை? கடையில் இருந்தவனெல்லாம் சிரிக்கிறான்.

வீட்டுக்கு வந்தா உங்க மாமியார் விடல. எறும்பு வராதுன்னு கார் கழிவு ஆயிலைச் சுவரோரமா ஊத்தினது யாரு, ஜன்னல் பச்சை பெயிண்டைச் சுரண்டி முலுகியா கீரைப் பாத்தியில தள்ளினது யாரு, இருபத்தாறு வருஷம் அந்த ஓட்டைக் காரை முற்றத்துலயே உறும விட்டது யாருன்னு வரிசையா கேக்குறா. அது எல்லாத்துலயும் ஈயம் இருக்காம். எல்லாத்துக்கும் நான்தான்! ஃபேக்டரிக்காரன் ஒருத்தனாவது மாட்டுவான்னு சுத்திச் சுத்திப் பார்த்தேன், இங்க இருக்கறது பிஸ்கட் ஃபேக்டரி ஒண்ணுதான்.

வெட்கமாக இருக்கிறது. ஆசை ஆசையாக வளர்த்த தோட்டம் என் பேத்திக்கே ஆகாமல் போயிற்று, அப்படி ஆக்கியதும் நானே. நேற்று வாணலியைப் பயூமியிடம் கொடுத்துவிட்டேன். மேல்மண்ணை எப்படி வெட்டுவது, எங்கே போடுவது என்று எழுதுங்கள், சொன்னபடி கேட்கிறேன். அதுவரை குழந்தை உங்கள் வீட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும்.

மகள் நெர்மினுக்கு என் ஆசி. தஸ்னீமுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். அல்லாஹ் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
மாமனார் ஃபிக்ரி

பி.கு.: இதை உங்கள் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். போன மாதம் நெர்மின் உங்கள் பால்கனித் தொட்டிகளுக்கு மூன்று மூட்டை மண் கொண்டுபோனாளே, அது எந்த இடத்து மண் என்று கேட்கிறாள். அத்தி மரத்தடி மண்தான். நல்ல கறுப்பாக இருக்கிறதே என்று நானே தேடி அள்ளிக் கொடுத்தேன். கடிதம் மெதுவாக வரட்டும், இப்போதே போன் பண்ணுகிறேன். குழந்தையை உள்ளே தூக்குங்கள்!