ரயிலுக்கு நேரமாச்சு, பாசஞ்சர் அண்ணே!

பூமியில் எத்தனையோ பேர் சவரம் செய்கிறார்கள். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று தெரியாமல் கத்தியையே தொடாத ஆள், ராமேஸ்வரத்து பாசஞ்சர் ஒருவர்தான். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

நாற்பது வயதுக்கு மேல் தொழில் கற்க வந்தவர். அதற்கு முன் தோணியில் சமையல்காரர். அலை அடித்தால் முதலில் வாந்தி எடுப்பது சமையல்காரர் என்றால் யார் வைத்துக்கொள்வார்கள்? "இனிமே தோணியில கால வச்சா செத்துருவேன் பாய்" என்று காதர் பாய் சலூனில் வந்து நின்றார்.

அப்போது ராமேஸ்வரம் பஞ்சாயத்தில் ஒரு வழக்கம். லைசென்ஸ் உள்ளவரிடம் ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஹெல்த் இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு முகத்தைச் சேதமில்லாமல் மழித்துக் காட்ட வேண்டும். தேறினால் லைசென்ஸ். தேறாவிட்டால் பாசஞ்சருக்கு மறுபடியும் தோணி.

முதல் வாரமே உள்ளூர் ஆட்கள் பாதி மீசையோடு சண்டைக்கு வந்தார்கள். காதர் பாய் யோசித்தார். யாத்திரை வந்து அன்றைக்கே ரயிலேறுகிறவர்களை மட்டும் அவரிடம் விட்டார்; பாசஞ்சர் என்ற பேரும் அதில்தான் ஒட்டியது. எது நடந்திருந்தாலும், அவர்கள் சாவகாசமாகக் கண்ணாடி பார்ப்பதற்குள் ரயில் பாம்பன் பாலத்தைத் தாண்டியிருக்கும்.

"ஐயாவுக்கு எந்த ஊரு?"

"காசி."

"மாஷா அல்லா! பாசஞ்சர், இவரு ஒனக்குத்தான்!"

பயம் விட்டதும் கை படிந்துவிட்டது. வெண்ணெய் வழித்த மாதிரி சவரம். ஆனால் ஊரைவிட்டுப் போகிற கன்னத்துக்கு மட்டும். நான் அபிராமத்திலிருந்து தபால் ஆபீஸ் வேலைக்கு வந்தவன். தெரியாத்தனமாக, "இங்கனதாண்ணே குடியிருக்கேன்" என்று சொல்லிவிட்டேன். கத்தி கிடுகிடுவென்று ஆடியது. மறுநாளிலிருந்து ரயிலேறப் போகிறவன் மாதிரி கையில் பெட்டியோடுதான் போனேன்.

பரீட்சை நாளும் வந்தது. புது இன்ஸ்பெக்டர் தானே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சாருக்கு எத்தன மணிக்கு ரயிலு?" என்றார் பாசஞ்சர்.

"ரயிலா? மாத்தலாகி குடும்பத்தோட வந்திருக்கேன். இனிமே இங்கனதான்."

கத்தி நடுங்கியது. அவர் இன்னொரு கையால் பிடித்திருந்த நாற்காலியும் சேர்ந்து நடுங்கியது. காதர் பாய் குனிந்து, "சார், ரயிலுக்கு நேரமாச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க" என்றார்.

"எதுக்குய்யா?"

"ஒங்க கன்னத்துக்கு நல்லது சார்."

இன்ஸ்பெக்டர் கத்தியைப் பார்த்தார். "ரயிலுக்கு நேரமாச்சு! ரொம்ப நேரமாச்சு!" என்று அலறினார். பாசஞ்சரின் கை நடுக்கம் சட்டென்று நின்றது. அப்புறம் நாலே இழுப்பு. ஒரு கீறல் இல்லை. லைசென்ஸ் கிடைத்தது.

தனிக் கடை போட்டார். உள்ளூர் ஆண்கள் பெட்டியும் பையுமாக வாசலில் நின்றார்கள். டிக்கெட் வரிசை என்று நினைத்துப் பின்னால் நின்ற யாத்ரீகர்கள் பலர் சவரம் செய்துகொண்டு போனார்கள்.

சில வருஷம் கழித்து எனக்கு மதுரைக்கு மாற்றல். அன்றும் பெட்டியோடு போய் உட்கார்ந்தேன்.

"ரயிலுக்கு நேரமாச்சுண்ணே."

"தெனம் சொல்றதுதான தம்பி."

"இல்லண்ணே. இன்னிக்கு நெசமாவே போறேன்."

கத்தி தாடையில் நின்றது. பிறகு நடுங்கியது. சுருக்கென்று ஒரு வெட்டு. பாசஞ்சர் படிகாரத்தை எடுத்து அழுத்தியபடி, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "பொய்யாவே போய்க்கிட்டு இருந்திருக்கலாம்ல, தம்பி."

அந்தத் தழும்பு இன்னும் என் தாடையில் இருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் கன்னத்தில்தான் அவர் கை நடுங்கும்.