முதுகில் ஒரு சிவப்பு வட்டம்

பிளவுஸின் முதுகில் சிவப்பு வட்டத்தைத் தைத்து முடித்து, நல்லசிவம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தபோது, அவர் மனைவி தேவானை கடைக்குள் வந்தாள்.

"இது என்னங்க, முதுகுல?"

"படத்துல இருந்துச்சு. தைச்சேன்."

மயிலாப்பூர் மாட வீதிக்குப் பின்னால் இருந்த அந்தத் தையல் கடையில், வாட்ஸப் வந்த நாள் முதல் ஒரே சட்டம்தான். வாடிக்கையாளர்கள் அனுப்பும் படத்தை நல்லசிவம் பார்ப்பார். கீழே எழுதியிருப்பதைப் படிக்க மாட்டார். படமே இருக்கும்போது எழுத்து எதற்கு என்பது அவர் கட்சி.

தேவானை போனை வாங்கிப் படித்தாள். "'வட்டம் போட்ட இடத்துல வேலைப்பாடு வேண்டாம்.' வேண்டாம்னு போட்ட வட்டத்தையே தைச்சு வெச்சிருக்கீங்க."

படம் அனுப்பிய லாவண்யாவுக்கு வெள்ளிக்கிழமை வடபழனியில் கல்யாணம். முகூர்த்தப் பட்டோடு சேர்ந்து வந்த துணி அது. கெட்டால் மாற்றுத் துணி கிடையாது.

வட்டத்தைப் பிரித்தார். ஊசித் துளைகள் வட்டமாகவே நின்றன. அவற்றை மறைக்க மேலே ஒரு மயில் போட்டார். மயில் தோசை அகலத்துக்கு வந்துவிட்டது. போட்டோ எடுத்து லாவண்யாவுக்கு அனுப்பினார்.

அதே போட்டோவில் ஏதோ வரைந்து பதில் வந்தது. நல்லசிவம் சட்டென்று கட்டைவிரலால் படத்தை மூடினார். படத்தை நம்பிக் கெட்டது போதும், எழுத்தை மட்டும் படி என்று தேவானையிடம் சொன்னார்.

"'இதைப் பாதியாக் குறைச்சிடுங்க'ன்னு இருக்கு."

எதை என்று எழுத்தில் இல்லை. பிளவுஸில் பாதியாகக் குறையக்கூடியது கைதான் என்று முடிவு செய்து, முழங்கை வரை இருந்த இரண்டு கைகளையும் வெட்டினார். வெட்டிய பிறகு படத்தைப் பார்த்தார். வட்டம் மயிலின் மேல் இருந்தது.

தேவானை ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவர் மயிலையும் குறைத்தார். தோகை போனதும் அது கோழியானது. குட்டைக் கையும் கோழியுமாக ஒரு போட்டோ எடுத்து, கூடவே ஒரு மன்னிப்பையும் தேவானையை எழுதச் சொல்லி அனுப்பினார். பதிலுக்கு ஒரே ஒரு மஞ்சள் முகம் வந்தது. கண்ணில் தண்ணீர், வாய் நிறையப் பல்.

"அழுவுது பாரு, அந்தப் பொண்ணு."

"சிரிக்குதுங்க."

"கல்யாணப் பொண்ணு இதைப் பார்த்து ஏண்டி சிரிக்கணும்?"

"நான் சிரிக்கலையா?"

புதன்கிழமை லாவண்யாவே வந்துவிட்டாள், தங்கை கீர்த்தியின் கையைப் பிடித்துக்கொண்டு. நல்லசிவம் தையல் மெஷினுக்குப் பின்னால் நகர்ந்தார். ஊரில் தம்பியின் டீக்கடையில் ஆள் தேவைப்படுமா என்றுகூட யோசித்துவிட்டார். பிளவுஸைத் தேவானைதான் எடுத்துக் கொடுத்தாள்.

லாவண்யா கைகளைத் தடவினாள். விரலால் அளந்தாள். திருப்பி, கோழியை நேருக்கு நேர் பார்த்தாள்.

"கேட்ட மாதிரியே கையைப் பாதியாக் குறைச்சிட்டீங்க. முதுகும் சுத்தமா பிளெயின். ரொம்ப தேங்க்ஸ்ணே."

அந்த நன்றியை, பக்கத்தில் ஜாக்கெட் மாட்டி நிறுத்தியிருந்த பொம்மையிடம் சொல்லிவிட்டு வெளியே போனாள்.

நல்லசிவம் தேவானையைப் பார்த்தார். தேவானை கோழியைப் பார்த்தாள். கீர்த்தி பிளவுஸைப் பையில் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"பொண்ணு பார்க்க வந்த அன்னிக்கே அம்மா அவ கண்ணாடியைப் புடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்கண்ணே. மெசேஜை வாயால சொன்னா போனே எழுதிடும். வட்டம், மஞ்சள் மூஞ்சி எல்லாம் குத்துமதிப்பாப் போடுவா. மாப்பிள்ளை மூஞ்சியையே அவ இன்னும் சரியாப் பார்க்கல."