குன்னூர் டயாந்தஸும் தூத்துக்குடிக் குளிரும்

தூத்துக்குடி,
ஜனவரி 6.

கர்த்தருக்குள் பிரியமான சம்பந்தி கிருபாநிதி அவர்களுக்கு, ஞானதீபம் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி ஈவாஞ்சலினும் அவர் கிருபையால் சுகம். குன்னூரில் தாங்களும் சம்பந்தியம்மாவும் மருமகனும் எங்கள் மகள் ஷீபாவும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். இருபதாம் தேதி தாங்கள் இங்கே வருவதாக அறிந்து மகிழ்ந்தோம். மகிழ்ந்து முடித்ததும் தாங்கள் தந்த செடிகள் நினைவுக்கு வந்தன. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

செப்டம்பரில் தாங்கள் நான்கு டயாந்தஸ் பூச்செடிகளை மடியில் வைத்தே பஸ்ஸில் கொண்டுவந்து என் கையில் தந்து, "உங்க பொண்ண நாங்க பாத்துக்கிடுதோம், எங்க செடிய நீங்க பாத்துக்கிடுங்க" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். எனக்குத்தான் அது ஒப்பந்தமாகக் காதில் விழுந்தது. ஓர் இலை பழுத்தாலும் ஷீபாவுக்குப் போன் போட்டு, "ஏளா, நல்லாருக்கியா? சாப்ட்டியா?" என்று கேட்பேன். ஒருநாள் மூன்று இலை பழுத்தது. மூன்று முறை கேட்டேன். "அப்பா, ஒங்களுக்கு என்ன செய்யுது?" என்று அவள் அழாக்குறையாகக் கேட்டாள்.

துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் சரக்குப் பெட்டிகளை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்காக இருந்தவன் நான். பெட்டியின் மேல் பாதி அழிந்த குறியைப் பார்த்தே எந்தக் கப்பலில் வந்தது என்று சொல்லுவேன். அந்தத் திமிரில், செடியின் தூரில் அடையாளத்துக்குத் தாங்கள் ஊன்றியிருந்த குச்சிகளை, பார்க்க அழகாயில்லை என்று பிடுங்கிவிட்டேன். அக்டோபர் மழைக்குப் பிறகு பார்த்தால் தொட்டியெல்லாம் பச்சை. எது தங்கள் செடி, எது தானாக முளைத்தது என்று விளங்கவில்லை. "இலை ஒல்லியா, எதிரெதிரா இருக்கும், தண்டுல கணு பொடைச்சிருக்கும்" என்று தாங்கள் சொன்னது நினைவிருந்தது. ஒல்லி என்பதுவரை பார்த்தேன், கணுவைத் தடவிப் பார்க்கவில்லை. ஒரு தொட்டியில் டயாந்தஸைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கோரைப்புல்லுக்கு மண்புழு உரம் போட்டிருக்கிறேன். அது அமோகமாக வளர்ந்தது. அதைத்தான் போட்டோ எடுத்து அனுப்பினேன். தாங்கள் கைதட்டும் படம் போட்டீர்கள். அது கதிர் விட்டு, கோரை என்ற உண்மை தெரிந்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மீதி மூன்று. டிசம்பரில் ஒரு வெள்ளைக்காரம்மாவின் வீடியோ கண்ணில் பட்டது. குளிர்காலத்தில் டயாந்தஸை மூடிக் காப்பாற்ற வேண்டும் என்றார். பேச்சு பாதிதான் புரிந்தது. பயம் முழுதாகப் பிடித்துக்கொண்டது. வீட்டில் இருந்த ஒரே கம்பளியை எடுத்து மூன்று தொட்டிக்கும் சேர்த்துப் போர்த்திவிட்டு, நான் மின்விசிறிக்கு அடியில் பனியனோடு உட்கார்ந்து காவல் காத்தேன். பக்கத்து வீட்டுப் பேச்சிச்செல்வி மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, செடிக்குக் காச்சலா?" என்று கேட்டாள். நாலாம் நாள் திறந்தால் கீரை அவித்த வாடை. ஒரு செடி குழைந்து கிடந்தது.

சரி, மலைச்செடிக்குக் குளிர்தானே வேண்டும் என்று என் மூளை அடுத்த பக்கம் சாய்ந்தது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் புன்னைக்காயல் இனிகோவிடம் ஒரு கூடை ஐஸ் கேட்டேன். "வீட்டுல விருந்தா அண்ணாச்சி?" என்றான். "செடிக்குப்பா" என்றேன். கூடை நிறைய அள்ளித் தந்தான். அது மீன்பெட்டியில் கிடந்த ஐஸ் என்பது எனக்குத் தெரியவில்லை. தெருப் பூனைகளுக்குத் தெரிந்திருந்தது. ஐஸைச் செடிகளின் தூரில் பரப்பி வைத்து, நான் ஒரு காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் ஐந்து பூனைகள் இரண்டு தொட்டியையும் கிண்டிக் கவிழ்த்து, செடிகளை நார் நாராக்கிவிட்டன. ஈவாஞ்சலின் வாசலில் நின்று, "எதுக்கு இந்தச் சீரழிவு? பட்டுப்போச்சுன்னு சம்பந்திகிட்ட ஒரு வார்த்த சொன்னா, அவிய என்ன கடிச்சா தின்னுருவாவ?" என்றாள்.

சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு செடியைக் காப்பாற்றத் தெரியாதவன் வளர்த்த பெண் என்று அங்கே யாரும் ஒரு சொல் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். முந்தாநாள் ஷீபாவிடமே உடைத்துச் சொல்லிவிட்டேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "மாமா எனக்கு ரெண்டு ஸ்வெட்டர், ஒரு ஹீட்டரு வாங்கித் தந்துருக்காங்கப்பா. நா ஒண்ணும் வாடல" என்றாள். அதற்குப் பிறகுதான் பேனா எடுக்கத் தெம்பு வந்தது. நான்கும் போய்விட்டன, சம்பந்தி. மழையும் கொல்லவில்லை, குளிரும் கொல்லவில்லை, நான்தான் கொன்றேன். கோரை மட்டும் நலம். இனி இந்த ஆயுளில் செடி எதையும் தொடமாட்டேன். மன்னித்து, வெறுங்கையோடு வாருங்கள். சீலா மீன் குழம்பு வைத்துக் காத்திருப்போம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம். தேவன் தங்கள் தோட்டத்தை என் போன்றவர்கள் கையில் சிக்காமல் காப்பாராக.

தங்கள் அன்புள்ள,
சா. ஞானதீபம்

பி.கு.: இதைத் தபாலில் போடப் போகும் வழியில் சுடலைக்கண்ணன் என்பவர் வைத்திருக்கும் நர்சரியைப் பார்த்தேன். வாசல் முழுக்க டயாந்தஸ், பூவும் மொட்டுமாக. "குளிர்காலத்துல இத எப்பிடிக் காப்பாத்துதிய?" என்று கேட்டேன். "காப்பாத்தவா? இங்கன மார்கழியும் தையும்தான அண்ணாச்சி இதுக்குக் காலம். சும்மா விட்டாப் போதும், பூத்துத் தள்ளிரும். சித்திர வெயிலுதான் ஆவாது" என்றார். சும்மா விடுவது ஒன்றைத்தான் நான் செய்து பார்க்கவில்லை. நான்கு வாங்கிவிட்டேன். ஆகையால் தங்கள் செடிகள் நான்கும் நலம். மேலே எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாம். தங்களுடையது வெள்ளைப் பூ என்று ஷீபா சொல்கிறாள். இவை சிவப்பு. உப்புக்காற்றில் நிறம் மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளவும்.